செத்த காலேஜுக்குப் போனதுண்டா?

எங்கள் ஊரில் பண்டார் ஹிலிர் பக்கம் போனால் இன்றைக்கு எங்கே திரும்பினாலும் மியூசியம்தான். கப்பலுக்கு ஒன்று, காற்றாடிக்கு ஒன்று, தபால் தலைக்கு ஒன்று. என் மருமகள் பல தடவை கூப்பிட்டுவிட்டாள். கால் வலி என்று சொல்லிவிடுவேன். கால் வலி உண்மைதான். ஆனால் அதே காலோடு பாசாருக்குப் போய், மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கி வருகிறேன் என்பது அவளுக்கும் தெரியும். அவள் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண் இங்கிலீஷ் பேச்சுப் பரீட்சைக்குத் தயார் செய்துகொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் கேள்வியையும் அவளே கேட்டாள், பதிலையும் அவளே சொன்னாள். தலைப்பு மியூசியம். நான் அடுப்பைத் தணித்துவிட்டு நின்று கேட்டேன். மியூசியத்துக்குப் போனதுண்டா என்கிற அந்தக் கேள்வி எனக்குச் சொந்தம். ஜப்பான்காரன் எங்கள் நாட்டைப் பிடித்து ஆண்ட காலத்தில் அதை நான்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், பதில் சொல்ல ஆளில்லாமல்.

எனக்கு எழுத்து அதிகம் வராது. தமிழ்ப் பள்ளியில் கொஞ்ச காலம் உட்கார்ந்ததுதான். எழுத்து கோணல், சொல்வது கோணல் இல்லை. மெதுவாகத்தான் எழுதுவேன். படிக்கிறவர்களும் மெதுவாகவே படிக்கட்டும்.

காஜா பெராங்கில் செட்டிக் கம்பத்தை, மலாய் பேசும் செட்டிகளின் குடியிருப்பை, ஒட்டி எங்கள் வீடு. அத்தாப்பு ஓலைக் கூரை, பின்னால் ஒரு ரம்புத்தான் மரம். அப்பா நான் நடக்கக் கற்கும் முன்பே போய்விட்டார். அம்மா, அண்ணன், நான். அம்மா மதராஸ்காரி. இங்கே வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் 'இன்னா' போகவில்லை. "இன்னாடி, சோறு கீதா இல்லியா" என்று அம்மா பேசினால் அண்ணன் அப்படியே திருப்பிச் சொல்லிச் சிரிப்பான்.

அண்ணன் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தான். எங்கள் வீட்டில் காலணி போட்டு வெளியே போகிற ஒரே ஆள். வருஷக் கடைசியில் அவனுக்கு வாய்ப் பரீட்சை இருந்தது. வெள்ளைக்காரத் துரையோ மேடமோ முன்னால் உட்கார்ந்து ஏதாவது ஒன்றைப் பற்றிக் கேட்பார்கள், நின்று இங்கிலீஷில் பதில் பேச வேண்டும். பாசார், மழைநாள், மியூசியம் என்று வாத்தியார் தலைப்புகள் சொல்லியிருந்தார். பாசாரும் மழையும் அவனுக்குப் பயமில்லை. மியூசியத்தை அவன் கண்ணால் பார்த்ததில்லை.

"அம்மா, நீ மதராஸ்ல மியூசியம் பாத்திருக்கியா?"

"அது இன்னாது?"

"செத்ததையெல்லாம் கண்ணாடிக்குள்ள வச்சிருப்பாங்களே."

"அடப் போடா! செத்த காலேஜுன்னு சொல்லேன்."

அண்ணன் ரம்புத்தான் மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. மதராஸில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்களாம். செத்ததை வைத்திருப்பது செத்த காலேஜ். புலியும் கரடியும் உயிரோடு இருப்பது உயிர் காலேஜ்.

"செத்த காலேஜுல ஒரு மீனு கீது பாரு, அத்தாம் பெரிய மீனு. நம்ம வூட்ட வுடப் பெருசு. வெறும் எலும்பு. அதுக்குக் கீழ நின்னா உள்ள நிக்கிறாப்போல இருக்கும். அதோட வவுத்துக்குள்ள."

"அம்மா, பரீட்சையில செத்த காலேஜுன்னு சொன்னா என்னையே அங்க கொண்டுபோய் வச்சிடுவாங்க."

"வைக்கட்டும். உன் எலும்புக்கு எவன் காசு குடுத்துப் பாப்பான்?"

அம்மாவின் மீனை வைத்து அண்ணன் இங்கிலீஷில் ஒரு பேச்சுக் கட்டினான். பேசிப் பழக அவனுக்கு எதிரில் ஆள் வேண்டியிருந்தது. உரலைக் கவிழ்த்து என்னை அதன்மேல் உட்கார வைத்தான். குளிக்கிற துண்டைத் தலையில் சுற்றினான். அது தொப்பி.

"குட்டி, நீதான் மேடம். சிரிக்கக் கூடாது."

"மேடம் சிரிக்க மாட்டாங்களா?"

"பரீட்சையில சிரிக்க மாட்டாங்க. கேளு."

"ஹேவ் யூ பீன் டு எ மியூசியம்?"

அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாமலே கேட்டேன். எனக்கு அது ஒரே நீளமான வார்த்தை. பிறகுதான், மியூசியத்துக்குப் போனதுண்டா என்று கேட்கிறோம் என அண்ணன் பிரித்துச் சொன்னான்.

"யெஸ் மேடம். ஐ வென்ட் வித் மை சிஸ்டர்."

"சிஸ்டர்னா யாரு?"

"நீதான்டி."

"நான் எங்க போனேன்?"

"இனிமே போவ. சிங்கப்பூர்ல ஒண்ணு இருக்காம். பரீட்சை முடியட்டும், கூட்டிட்டுப் போறேன். இப்ப பேசாத, மேடம் நடுவுல பேச மாட்டாங்க."

பிறகு மீன் வரும். 'பிக் ஃபிஷ், மேடம். ஒன்லி போன்ஸ்.' அதைச் சொல்லும்போது இரண்டு கையையும் விரித்துக் காட்டுவான். என் வேலை கேட்பது, அவன் வேலை சொல்வது. அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது. மேடமாக இருக்கும்போது அவன் என் முன்னால் கை கட்டி நிற்பான்.

பரீட்சைக்கு முன்னால் குண்டு வந்துவிட்டது. பள்ளிக்கூடம் மூடிற்று. ஜப்பான்காரன் வந்தான். இங்கிலீஷ் எழுத்தில் இருந்த கடைப் பலகைகளைக் கழற்றினார்கள். தெருவில் இங்கிலீஷ் பேசினால் கன்னத்தில் விழும். எங்கள் தமிழ்ப் பள்ளியில் காலையில் ஜப்பான் ராஜா இருக்கும் திசை என்று கிழக்கே பார்த்துக் குனியச் சொன்னார்கள். நாலு நாள் குனிந்தேன், அம்மா போக வேண்டாம் என்று நிறுத்திவிட்டாள். என் படிப்பு அதோடு சரி.

அண்ணன் மட்டும் விடவில்லை. "இவனுங்க எத்தன நாளைக்கு? வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் மொத வேலையா பரீட்சைதான் வைப்பான்" என்பான். கொல்லைப்புறத்தில் என்னை உரல்மேல் உட்காரவைத்து, காதோடு காதாகப் பேசிப் பழகினான். மேடமும் ரகசியமாகத்தான் கேட்க வேண்டியிருந்தது.

அரிசி இல்லாமல் போனது. எல்லாருக்கும் மரவள்ளிதான். பத்து பெரெண்டாம் என்கிற ஊர்ப் பக்கம் நல்ல கிழங்கு கிடைக்கிறது என்று ஒரு காலையில் அண்ணன் கோணிப்பையோடு போனான். திரும்பும் வழியில் ஜப்பான்காரன் லாரியை நிறுத்தி, நின்ற ஆண்களையெல்லாம் ஏற்றிக்கொண்டான் என்று கூடப் போனவர்கள் வந்து சொன்னார்கள். சயாமுக்கு, ரயில் பாதை போட. கோணிப்பையை யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள். அதில் கிழங்கு இருந்தது. அதையும் சாப்பிட்டோம்.

அவன் புத்தகங்களை அம்மா ஒவ்வொன்றாக அடுப்பில் வைத்தாள். வீட்டில் இங்கிலீஷ் எழுத்து இருந்தால் ஆபத்து என்று ஊரில் பேச்சு. எரிந்து முடிந்ததும் அம்மாவின் பேச்சும் நின்றுவிட்டது. "சாப்பிடு." "கதவைச் சாத்து." "நல்லா துருவு." இவ்வளவுதான். 'இன்னாடி' என்பதுகூட இல்லை. அதை நடித்துக் காட்ட ஆள் இல்லையே.

என் வேலை மரவள்ளி துருவுவது. தகரத்தில் ஆணியால் ஓட்டை போட்டு, சொரசொரப்பான பக்கத்தில் கிழங்கைத் தேய்க்க வேண்டும். மாவைக் காயவைத்து அம்மா புட்டு அவிப்பாள். கர்ரக் கர்ரக் என்று அந்தத் தகரம் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. அதனால் அங்கேதான் நான் பேசினேன்.

"ஹேவ் யூ பீன் டு எ மியூசியம்?"

கேட்டுவிட்டுத் தகரத்தை நிறுத்துவேன். அண்ணன் பதில் சொல்கிற நேரத்துக்குச் சும்மா இருப்பேன். ரம்புத்தான் இலை விழும், கோழி கொக்கரிக்கும். பிறகு மறுபடி துருவுவேன். பதில் எனக்கு மனப்பாடம். ஆனால் சொல்ல மாட்டேன். அது அவனுடையது. நான் சொல்லிவிட்டால் அவன் வர வேண்டியதில்லை என்றாகிவிடும். அப்படி எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நானே நினைத்துக்கொண்டேன்.

விரல் நுனிகளில் தகரம் கிழித்து ஆறி, கிழித்து ஆறி, தோல் தடித்துவிட்டது. என்னோடு விளையாடிய பெண்கள் சிலர் தோட்டங்களுக்குப் போய்விட்டார்கள், சிலரை அவசரம் அவசரமாகக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த வீட்டுச் செட்டியம்மா மட்டும் ஒரு நாள் வேலிக்கு மேலே தலை நீட்டி, யாரோடு பேசுகிறாய் என்று மலாயில் கேட்டாள். கோழியோடு என்றேன். கோழிக்குப் பதில் பேசத் தெரியுமா என்றாள். தெரியாது, அதுதான் காத்திருக்கிறேன் என்றேன். அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய்விட்டாள்.

பிறகு ஒரு வழியாக ஜப்பான்காரன் போனான். சயாமிலிருந்து சிலர் திரும்பி வந்தார்கள், எலும்பும் புண்ணுமாக. வந்தவர்களின் முகத்தையெல்லாம் போய்ப் பார்த்தோம். அண்ணன் இல்லை. அவனைத் தெரியும் என்று சொன்னவரும் இல்லை.

பெண்களுக்கான இங்கிலீஷ் பள்ளிக்கூடம் ஒன்று மறுபடி திறக்கிறது, நடுவில் படிப்பு விட்டவர்களையும் வாய்ப் பரீட்சை வைத்துச் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். இங்கிலீஷ் வந்தால் வயசுக்கேற்ற வகுப்பு. வராவிட்டால் என்ன என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு ஒன்று மட்டும் தெரிந்தது. தேறினால் பகலெல்லாம் பேசுகிற பிள்ளைகளோடு இருக்கலாம். இல்லையென்றால் அந்தத் தகரமும் பேசாத அம்மாவும்தான். பரீட்சைக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

வெள்ளைக்கார மேடம் மெலிந்து போயிருந்தார். ஜப்பான்காரன் ஜெயிலில் இருந்து வந்தவர் என்றார்கள். என் பேரைக் கேட்டார், வயசைக் கேட்டார், பாசாரைப் பற்றிக் கேட்டார். இரண்டு மூன்று வார்த்தை சொன்னேன். பிறகு மேசைமேல் இருந்த அட்டைகளில் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஹேவ் யூ பீன் டு எ மியூசியம்?" என்றார்.

என் வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது. ஒரு எழுத்து மாறவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? நிறுத்திக் காத்திருந்தேன். பழக்கம். பதில் பக்கத்திலிருந்து வரும் என்று சும்மா நின்றேன். மேடம் இன்னொரு தடவை கேட்டார். வாயில் 'யெஸ் மேடம்' வந்து நின்றது. ஆனால் நான் போனதில்லையே.

"நோ மேடம். மை மதர் சீ. டெட் காலேஜ்."

"டெட் காலேஜ்?"

"யெஸ் மேடம். டெட் காலேஜ். ஒன்லி போன்ஸ்."

மேடத்தின் முகம் மாறிவிட்டது. பேனாவைக் கீழே வைத்தார். கைக்குட்டையை எடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தமிழ் டீச்சரிடம் மெதுவாக ஏதோ சொன்னார். டீச்சர் என் பக்கம் குனிந்து, "உங்க காலேஜ்ல இருந்தவங்கள ஜப்பான்காரன் கொன்னுட்டானாம்மா? மேடம் ரொம்ப வருத்தப்படறாங்க. உன்னை எடுத்துக்கலாம்ங்கிறாங்க" என்றார்.

அப்படியே விட்டிருந்தால் நல்ல வகுப்பில் உட்கார்ந்திருப்பேன். என்னால் முடியவில்லை. அந்த மீனைச் செத்துப்போன மனுஷராக்கி, அதற்கு ஒருத்தர் கண் கலங்க, அதில் நான் இடம் வாங்குவதா?

"இல்ல டீச்சர். அது மீனு. மதராஸ்ல மியூசியத்துக்கு அப்படித்தான் பேரு."

டீச்சர் எடுத்துச் சொன்னதும் மேடம் சிரித்தார். கேலியாக இல்லை. ரொம்ப நாளாகச் சிரிக்காதவர் சிரித்த மாதிரி, நிறுத்த முடியாமல் சிரித்தார். பரீட்சையில் மேடம் சிரிக்க மாட்டார்கள் என்று அண்ணன் சொன்னது தப்பு. பிறகு பேனாவை எடுத்து ஏதோ எழுதினார். சின்னப் பிள்ளைகளோடு முதல் வகுப்பில் உட்காரலாம் என்று டீச்சர் சொன்னார். சன்னல் வழியாக அந்தப் பிள்ளைகளைப் பார்த்தேன். என் இடுப்பு உயரம்கூட இல்லை.

"நோ தேங்க் யூ, மேடம்" என்றேன். அதைத் தப்பில்லாமல் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கொல்லையில் இருந்தாள். அவளே துருவிக்கொண்டிருந்தாள்.

"சின்னப் புள்ளைங்களோட உக்காரச் சொன்னாங்க. மாட்டேன்னுட்டேன்."

அம்மா துருவுவதை நிறுத்தவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு கிழங்கை உரித்தேன். கர்ரக் கர்ரக். பிறகு தகரம் நின்றது.

"இன்னாடி கேட்டாங்க?"

"மியூசியம் கேட்டாங்க."

"மீனச் சொன்னியா?"

"சொன்னேன்."

அம்மா கையை முந்தானையில் துடைத்தாள். எழுந்து போய்க் கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் சுற்றினாள். மூலையில் கிடந்த உரலைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள்.

"ஆவ் யூ பின்னு டூ எ மூசியம்?"

நான் அம்மாவையே பார்த்தேன்.

"இன்னா பாக்குறே? தகரத்த நீ நிறுத்துவ பாரு, அப்பல்லாம் நானும் அங்க அடுப்பாண்ட கைய நிறுத்தி அவன் பதிலுக்குக் காத்துக்கினுதான் இருந்தேன். சொல்லு."

எழுந்து, அண்ணன் நிற்கிற மாதிரி கை கட்டி நின்றேன்.

"யெஸ் மேடம். ஐ வென்ட் வித் மை பிரதர்."

"மீனு?"

"பிக் ஃபிஷ், மேடம்." கையை விரித்துக் காட்டினேன். "ஒன்லி போன்ஸ்."

அம்மா தலையிலிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைப் பொத்திக்கொண்டாள்.