ஜெக்கரியா போனானா?

அந்தக் கல்லூரியில் ஆண்கள் கூடைப்பந்து அணி தொடங்கியது 1974இல். தஞ்சாவூருக்கு வெளியே, நெல் விளைந்த பூமியைத் தூர்த்துக் கட்டிய கல்லூரி. மேலே மண் கொட்டினார்களே தவிர அடியில் வயல் வயலாகவேதான் கிடந்தது. ஐப்பசியில் நாலு நாள் சேர்ந்தாற்போல மழை பிடித்தால் கோர்ட்டில் கணுக்கால் தண்ணீர் நிற்கும். முதல் பத்து வருஷம் அந்த அணி எந்தப் போட்டியிலும் முதல் ஆட்டத்தைத் தாண்டியதில்லை. திருச்சிக் கல்லூரிப் பையன்கள் அவர்களுக்கு ‘நாத்து நடவு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆட்டம் முழுக்கக் குனிந்து குனிந்து பந்து பொறுக்குகிறவர்கள் என்று அர்த்தம்.

1984இல் மருதையன் உடற்கல்வி இயக்குநராக வந்தார். அந்தப் பட்டப்பெயர் அவர் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு அந்தக் கோர்ட்டில் யாரும் சிரித்து விளையாடியதாக யாருக்கும் ஞாபகமில்லை.

ஃப்ரீ த்ரோ தவறவிட்டவன் இரண்டு கையிலும் செங்கலை ஏந்திக்கொண்டு மைதானத்தைப் பத்துச் சுற்று ஓட வேண்டும். அழுதவன் போஸ்டைப் பார்த்துத் திரும்பி நிற்க, மற்றவர்கள் அவன் முதுகில் பந்து எறிந்து பழக வேண்டும். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், பனியன் நம்பர்தான். அணி ஜெயிக்கத் தொடங்கியது. அதனால் யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை.

ஜெக்கரியா பதினோராம் நம்பர். கூத்தாநல்லூர்க்காரன், ஆறடி நாலங்குலம். வாப்பா மலேசியாவில் கடை வேலைக்குப் போய் அங்கேயே இறந்தவர். வீட்டில் உம்மா ரஹ்மத் பீவியும், லாத்தா என்று அவன் கூப்பிடும் அக்காள் ஆமினாவும். ஆமினாவின் கணவர் சவூதியில் இருந்ததால் அவள் உம்மாவோடேயே இருந்தாள். பிளஸ் டூ முடித்து, பஸ்ஸுக்குள் கழுத்தை மடக்கிக்கொண்டு நின்றவனை மருதையன்தான் பார்த்துப் பிடித்து வந்தார். பி.ஏ. வரலாறு, விடுதி, சாப்பாடு, எல்லாம் இலவசம். பந்தைத் தொட்டறியாதவன் இரண்டே வருஷத்தில் மாவட்டத்தின் சிறந்த ஆட்டக்காரன் ஆனான். அவன் முதுகும் நிறையப் பந்து வாங்கியிருந்தது.

1997, புரட்டாசி. அவன் மூன்றாம் வருஷம். பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கான போட்டியில் அணி முதல்முறையாக இறுதி ஆட்டத்துக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை, திருச்சியில். அதற்கு முந்தைய திங்கட்கிழமை விடுதிக்கு ஆமினாவிடமிருந்து போன் வந்தது. உம்மாவுக்கு மூச்சுத் திணறல், திருவாரூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், உன்னைக் கேட்கிறார்கள், வந்துவிட்டுப் போ.

ஜெக்கரியா மருதையனிடம் போய் நின்றான்.

“ஆஸ்பத்திரில டாக்டர் இருக்கான்ல?” என்றார் மருதையன்.

“இருக்காங்க சார்.”

“அப்புறம் நீ போயி என்ன, ஊசி போடப் போறியா? ஞாயித்துக்கிழம ஆடிட்டு கப்போட போய்ப் பாரு. உங்கம்மாவுக்கு அதாண்டா மருந்து.”

அவன் போகவில்லை. அழுத்திக் கேட்டிருந்தால் விட்டிருப்பாரா என்று பிற்காலத்தில் அவன் தன்னையே பலமுறை கேட்டுக்கொண்டதுண்டு. அன்றைக்குக் கேட்கவில்லை. அவனுக்கும் இறுதி ஆட்டம் ஆட ஆசை இருந்தது.

ஞாயிறு விடியற்காலை பாங்கு சொல்லும்போது ரஹ்மத் பீவி இறந்துபோனார். செய்தி விடுதிக்கு வந்து, விடுதியிலிருந்து அணி தங்கியிருந்த திருச்சிக் கல்லூரிக்கு ஆறரை மணிக்கு வந்தது. அந்தப் போனை எடுத்தவன் தியாகு, அணியின் கேப்டன். ஜெக்கரியாவோடு ஒரே தட்டில் சாப்பிடுகிறவன். தியாகு ஓடிப்போய் மருதையனிடம் சொன்னான். மருதையன் பல் துலக்கிக்கொண்டிருந்தார். வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டுக் கேட்டார்:

“வேற யாருக்குத் தெரியும்?”

“யாருக்கும் தெரியாது சார்.”

“ஆட்டம் முடியற வரைக்கும் தெரியக் கூடாது. வாயத் தொறந்தே, உன் டீசிய கிழிச்சுக் கையில குடுத்துருவேன்.”

பத்து மணிக்கு ஆட்டம் தொடங்கியது. தியாகு அன்றைக்கு எல்லாப் பந்தையும் பதினொன்றுக்கே கொடுத்தான். ஜெக்கரியாவுக்கு அது வியப்பாக இருந்தது. தியாகு ஏன் தன் முகத்தைப் பார்க்காமலே பந்து போடுகிறான் என்பதும் புரியவில்லை. முப்பத்தொரு புள்ளி எடுத்தான். பதினொன்றரைக்கு ஆட்டம் முடிந்தது. அணி ஜெயித்தது.

அப்போது சொல்லியிருந்தால்கூட அவன் ஊர் போய்ச் சேர்ந்திருப்பான். ஆனால் பரிசு கொடுக்க வேண்டிய பிரமுகர் வரவில்லை. ஒன்றே முக்காலுக்கு வந்தார். கோப்பையை நடுவில் வைத்து, நெட்டையான பதினொன்றைப் பின்வரிசையில் நடுவே நிறுத்தி, மாலை போட்டுப் படம் எடுத்தார்கள். மருதையனுக்கு அந்தப் படத்தில் அவன் வேண்டும். படம் எடுத்த கையோடு அவன் தோளைத் தொட்டு, “பதினொண்ணு, உங்கம்மா காலையில தவறிட்டாங்களாம். கிளம்பு” என்றார்.

திருச்சியிலிருந்து தஞ்சாவூர், தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி, மன்னார்குடியிலிருந்து கூத்தாநல்லூர். மூன்று பஸ். பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டு வாசலுக்கு அவன் ஓடி வந்தபோது ஆறு மணி. நாலே காலுக்கு, அசர் தொழுகை முடிந்ததும் அடக்கம் செய்துவிட்டிருந்தார்கள். மதியமே எடுக்க வேண்டியதை, அவனுக்காகத்தான் அதுவரை வைத்திருந்தார்கள். ஆமினா வெளியே வந்தாள். அவன் போட்டிருந்த டிராக் சூட்டைப் பார்த்தாள். அவன் கழுத்துப் பின்னால் வேர்வையில் ஒட்டியிருந்த சாமந்தி இதழைப் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை பேப்பரில் படம் வந்தது. நிருபரிடம் மருதையன் சொல்லியிருந்தார்: ‘காலையில் தாய் இறந்த செய்தி வந்தது. எனக்கு என் கல்லூரி முக்கியம் சார் என்று சொல்லிவிட்டு ஆட வந்தான் எங்கள் ஜெக்கரியா.’

கூத்தாநல்லூர் டீக்கடையில் அதைச் சத்தம் போட்டு வாசித்தார்கள். பள்ளிவாசலில் அவனுக்குப் பக்கத்தில் நின்று தொழுதவர்கள் சலாம் சொல்லாமல் எழுந்து போனார்கள். அவன் வீட்டுக்கு ஓடி, “லாத்தா, எனக்குத் தெரியாது லாத்தா, அந்தாளு பொய் சொல்றாரு” என்றான். ஆமினா பேப்பரை மடித்து அவன் கையில் வைத்தாள்.

“அப்ப, பொய்யின்னு பேப்பர்ல போடச் சொல்லு. போட்டதும் வா.”

கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவன் எந்தப் பேப்பருக்கும் போகவில்லை. மறுவருஷம் விளையாட்டுக் கோட்டாவில் ஒரு வங்கியில் நேர்காணல். ஒரு வேலைக்கு ஆறு பேர் வந்திருந்தார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “தாய் செத்தும் ஆடுன பையன் நீதானப்பா?” என்று கேட்டார். ஜெக்கரியா ஆமென்று தலையை ஆட்டினான். ஒரே ஒரு தடவை. வேலை கிடைத்தது.

அந்தத் தலையாட்டலை அவன் மனைவி அஃப்ரீனிடம்கூடச் சொல்லவில்லை. மன்னார்குடியில் வீடு. கூத்தாநல்லூர் எட்டிப்பிடிக்கும் தூரம். ஆமினா வீட்டுக் கல்யாணத்துக்கு அவனுக்குப் பத்திரிகை வரவில்லை. அங்கே பிறந்த குழந்தையை அவனுக்குக் காட்டவில்லை.

இருபத்தைந்து வருஷம் இப்படிப் போயிற்று. திருத்துறைப்பூண்டி கிளையில் ஒருநாள், முப்பத்தைந்து வயதிருக்கும் ஒருவர் ஆதார் இணைக்க வந்தார். நல்ல உயரம். கவுன்டரில் இருந்த பெயர்ப் பலகையைப் பார்த்தார். ஜெக்கரியாவின் உயரத்தைப் பார்த்தார்.

“சார், நீங்க பதினோராம் நம்பரா?”

வெற்றிசெல்வன் என்று பெயர் சொன்னார். அதே கல்லூரி, அதே அணி, 2008. ஜெக்கரியா கை கொடுக்க எழுந்தான். அவர் கையை நீட்டவில்லை.

“எங்கப்பாவ சம்பா வயல்ல களையெடுக்கறப்ப பாம்பு கடிச்சிருச்சு சார். ஆஸ்பத்திரில ரெண்டு நாள் உசுரோட இருந்தாரு. ஊருக்குப் போவணும்னு மருதையன் சார்கிட்ட கெஞ்சுனேன். ரூம்ல மாட்டியிருக்குற உங்க போட்டோவ காட்டுனாரு. ‘ஜெக்கரியா போனானா?’ன்னு கேட்டாரு. எங்க பேட்ச்ல எல்லாருக்கும் அந்த ஒரே கேள்விதான் சார். காய்ச்சல்ன்னா ஜெக்கரியா படுத்தானா, கால் சுளுக்குன்னா ஜெக்கரியா உக்காந்தானா, அக்கா கல்யாணம்னா ஜெக்கரியா போனானா.”

ஜெக்கரியா நீட்டிய கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தான்.

“எங்கப்பா மொகத்த நான் பாக்கல சார். அந்த வருசம் செமி ஃபைனல்லயே தோத்துட்டோம்.” படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “உங்கள மாதிரி மனுசன எங்கயாவது பார்த்தா செருப்பால அடிக்கணும்னு நெனச்சிருந்தேன். வயசாயிட்டீங்க. போங்க.”

மறுவாரமே ஜெக்கரியா தஞ்சாவூருக்குப் போய் மருதையனின் வீட்டுக் கதவைத் தட்டினான். ஓய்வு பெற்றுப் பல வருஷமாகியிருந்தது. சர்க்கரை வியாதியில் ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், எனக்குத் தெரியாதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். எங்க லாத்தாகிட்ட. போன்லகூடப் போதும்.”

மருதையன் டிவி சத்தத்தைக் குறைத்தார். “சொல்லிட்டா? உன் வேல எப்படி வந்துச்சுன்னு கேப்பா. அதையும் சொல்லட்டுமா?”

நேர்காணல் அறையில் நடந்தது அவருக்கு எப்படித் தெரியும் என்று அவன் திகைத்தான். அந்த அதிகாரி அவருடைய சிநேகிதராம்.

“அந்தக் கதைய எடுத்துட்டா நீ யாருடா? வெறும் நெட்டக்காலன். போ.” சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.

2024இல் அணிக்குப் பொன்விழா. கல்லூரி கலையரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் சக்கர நாற்காலியில் மருதையன். மேடையில் தியாகு. இப்போது பெரிய கட்டட ஒப்பந்தக்காரர், விழாப் பந்தல் அவர் உபயம். ஐம்பது வருஷ வரலாற்றைத் திரையில் ஓட்டினார்கள். பதினோராம் நம்பரின் படம் வந்தபோது கண்ணீர் வரவழைக்கும் பின்னணி இசை. ‘ஜெயிச்சிட்டு வா மகனே என்பதே அந்தத் தாயின் கடைசி வார்த்தை’ என்றது குரல். உம்மா அப்படிச் சொன்னதாக ஜெக்கரியா அன்றைக்குத்தான் கேள்விப்படுகிறான்.

அவனுக்குப் பொன்னாடை போர்த்தி இரண்டு நிமிஷம் மைக் கொடுத்தார்கள். தயாரித்து எதுவும் கொண்டுபோகவில்லை.

“எங்க உம்மா மவுத்தானது எனக்குத் தெரியாது. கோப்பையோட போட்டோ எடுத்து முடிச்ச பிறகுதான் எங்கிட்டச் சொன்னாங்க. காலையில ஆறரைக்கே சாருக்குத் தெரியும். தெரிஞ்சிருந்தா நான் ஆடியிருக்க மாட்டேன், போயிருப்பேன். நான் போகலன்னு சொல்லி இங்க எத்தனையோ பேர நிறுத்தி வெச்சிருக்காங்க. அது பொய். தியாகு, நீ போன எடுத்தவன். நீ சொல்லு.”

தியாகு செல்போனை எடுத்து, வராத அழைப்பைக் காதில் வைத்துக்கொண்டு, குனிந்தபடி மேடையை விட்டு இறங்கிப் போனார்.

அப்போது முன்வரிசையிலிருந்து மருதையனின் குரல் வந்தது. கால் போயிருந்தாலும் குரல் போகவில்லை. “ஆமாண்டா, சொல்லல! சொல்லியிருந்தா கப்ப யாரு உங்க மாமனாரா வந்து வாங்கியிருப்பாரு?”

அரங்கம் ஒரு கணம் தயங்கியது. பிறகு சிரித்தது. முதலில் பழைய ஆட்டக்காரர்கள், பிறகு எல்லாரும். கைதட்டல் அடங்கவே ஒரு நிமிஷமாயிற்று. முதல்வர் எழுந்து மருதையனுக்கு இன்னொரு பொன்னாடை போர்த்தினார்.

யாரோ அதைச் செல்போனில் எடுத்து அனுப்பியிருந்தார்கள். வாட்ஸப்பில் சுற்றிச் சுற்றி அது கூத்தாநல்லூருக்குப் போயிற்று. மூன்றாம் நாள் ஜெக்கரியாவின் போனில் தெரியாத நம்பர்.

“மாமா, நான் நுஸைபா. ஆமினா மவ. உம்மா உங்கள வரச் சொல்றாங்க.”

அவன் அன்றைக்கே லீவு போட்டுவிட்டுப் போனான். போகும் வழியில் லாத்தாவுக்குப் பிடிக்குமே என்று ஒரு சீப்பு பூவம்பழம் வாங்கினான். அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்த ஆமினா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டும் உம்மாவின் கண்ணாகவே ஆகியிருந்தது. அவனை எதிர் நாற்காலியில் உட்காரச் சொன்னாள்.

“பாத்தேன். அந்தாளு வாயாலயே சொல்லிட்டான். உம்மா மவுத்தானது ஒனக்குத் தெரியாது.”

“தெரியாது லாத்தா.”

“சரி. ஆஸ்பத்திரில கெடந்தது தெரியும்ல?”

அவன் நிமிர்ந்தான்.

“திங்கக்கெழம நாந்தான் போன் பண்ணுனேன். செவ்வா ஒரு நா. புதன் ஒரு நா. வியாழன், வெள்ளி, சனி. தஞ்சாவூர்லேருந்து திருவாரூருக்கு எத்தன மணி நேரம் தம்பி?”

“ரெண்டு மணி நேரம்.”

“கேளு. இருவத்தேழு வருசமா யாருகிட்டயும் சொல்லாம வெச்சிருக்கேன்.”

ஒவ்வொரு நாளாகச் சொன்னாள். செவ்வாய்க்கிழமை உம்மா, அவன் வந்தால் உட்காரட்டும் என்று காலை மடக்கிக் கட்டிலில் இடம் விட்டுப் படுத்தது. புதன்கிழமை வந்த டாக்டர் நெட்டையாக இருந்ததால் அவன் என்று நினைத்துக் கையைப் பிடித்துக்கொண்டது. வியாழனன்று, அவன் ஏன் வரவில்லை என்று கேட்டபோது, பஸ் ஓடவில்லை என்று ஆமினா பொய் சொன்னது. வெள்ளிக்கிழமையும் அதே பொய். சனிக்கிழமை உம்மா கேட்பதை நிறுத்திவிட்டது. சொல்லும்போது அவள் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடியபோது, “கைய எடு. என்னையப் பாத்துக் கேளு” என்றாள். எடுத்தான்.

சொல்லி முடித்ததும் நுஸைபாவைக் கூப்பிட்டு, பழச் சீப்பைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னாள்.

“இதச் சொல்லத்தான் கூப்ட்டேன். பொய்யி எனக்கும் ஒனக்கும் நடுவுல நின்னுக்கிட்டிருந்துச்சு. இப்ப அது இல்ல. கெளம்பு.”

அவன் பழத்தோடு தெருவில் இறங்கினான். கதவு அவன் முதுகுக்குப் பின்னால் மெல்லத்தான் சாத்தப்பட்டது. மன்னார்குடி பஸ் நிற்கும் இடம் வரை நடந்து, அங்கிருந்த சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தான். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டான். மூன்றாவதில் ஏறினான்.

மருதையன் அடுத்த ஆடியில் இறந்தார். கல்லூரிக்கு அன்று விடுமுறை விட்டார்கள். கூடைப்பந்து அணி இன்றும் நன்றாகத்தான் ஆடுகிறது. புதிதாகச் சேரும் பையன்களைப் பழைய படத்தின் முன்னால் இப்போதும் நிறுத்துகிறார்கள். கதையை மட்டும் கொஞ்சம் திருத்திக்கொண்டுவிட்டார்கள். ஒரு பையனின் தாய் இறந்த செய்தியைத் தனக்குள்ளேயே விழுங்கிக்கொண்டு, கல்லூரிக்காக அந்தப் பாரத்தைத் தனியாகச் சுமந்த ஒரு பயிற்சியாளரின் கதை அது. படத்தில் பின்வரிசையில் நடுவே நிற்கும் நெட்டையன் யார் என்று சில பையன்கள் கேட்பதுண்டு. பதினோராம் நம்பர் என்கிறார்கள்.