மேற்படி

நான் மனு எழுதிப் பிழைக்கிறவன். ராணுவ ஆவண அலுவலகத்துக்கு எதிரே, நகலெடுக்கும் கடை வாசலில் ஒரு மடக்கு மேசை, ஒரு பழைய தட்டச்சுப் பொறி, இரண்டு நாற்காலிகள். அதில் ஒன்றுக்குக் கால் ஆடும். வாடிக்கையாளரை அதில்தான் உட்காரவைப்பேன், சீக்கிரம் எழுந்துவிடுவார்கள். எனக்குச் சோறு போடுகிற சொல் ஒன்று உண்டு: மேற்படி. மேற்படி நபர், மேற்படி முகவரி, மேற்படி தேதி. அது இல்லாமல் என் மனு ஓர் அடி நகராது. அந்த ஒரு சொல் ஒரு மனிதரை நாற்பத்து நான்கு வருடம் தலைகுனிய வைத்தது என்று தண்ணி டிரைவர் வந்து சொல்லும்வரை எனக்குத் தெரியாது.

பட்டப்பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். பட்டாளத்தில் அவர் ஓட்டியது தண்ணீர் லாரி. மற்றபடி மனிதர் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. இடது கால் கொஞ்சம் குட்டை. ஆடுகிற நாற்காலியில் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தவர் அவர் ஒருவர்தான்.

பிளாஸ்டிக் உறையிலிருந்து பதிவேட்டு நகல் ஒன்றை எடுத்து வைத்தார். அதில் இரண்டே வரிகள். முதல் வரி அவருடைய லாரியில் உதவியாளாக இருந்த சிப்பாய், நெட்டையன் என்று எல்லோரும் கூப்பிட்டவன். 'குறிப்பு' என்ற கட்டத்தில், 'அனுமதியின்றிப் பிரிவை விட்டு ஓடியவர்.' அடுத்த வரி டிரைவருடையது. அதே கட்டத்தில், 'மேற்படி.' எழுதின குமாஸ்தாவுக்கு அன்றைக்குச் சாப்பாட்டு நேரமாகியிருக்கும். இரண்டு முறை எழுதச் சோம்பேறித்தனம்.

"ஓடினீங்களா?" என்று கேட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அவர் கோபப்படவில்லை. "பாலம் உடைஞ்சிருந்துச்சு ரைட்டரே. ஆத்துல இறக்கித்தான் ஓட்டணும். நடு ஆத்துல வண்டி சாய்ஞ்சிடுச்சு. என் பக்கக் கதவு தண்ணிக்குள்ள போயிடுச்சு. அவன் பக்கக் கதவுதான் மேல இருந்துச்சு. அவன் முதல்ல ஏறிப் போயிருக்கலாம். என் சட்டையைப் பிடிச்சு இழுத்து வெளியே தள்ளி விட்டான். நான் திரும்பிப் பாக்குறேன், வண்டியே இல்ல. தண்ணி லாரியைத் தண்ணியே கொண்டு போயிடுச்சு." அந்த இடத்தில் அவரே சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

கால் முறிந்து இரண்டு நாள் கரையில் கிடந்திருக்கிறார். வேறொரு படைப்பிரிவுக்காரர்கள் கண்டெடுத்துத் தங்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே ஒன்பது நாள் காய்ச்சலில் நினைவில்லை. அதற்குள் இவருடைய பிரிவு முகாமைக் கலைத்துக்கொண்டு கிளம்பிவிட்டது. இரண்டு ஆளைக் காணோம், ஒரு வண்டியைக் காணோம். ஓடிவிட்டார்கள் என்று எழுதிவிட்டார்கள். திரும்பி வந்தவர் அதிகாரியிடம் நடந்ததைச் சொன்னார். "பாத்துக்கலாம்" என்றாராம் அதிகாரி. "இன்னும் பாத்துக்கிட்டேதான் இருக்காங்க" என்றார் டிரைவர்.

அதன் பிறகும் ஆறு வருடம் வண்டி ஓட்டினார். வேலையை விட்டு வரும்போது கையில் கொடுத்த புத்தகத்தில்தான் அந்த ஓட்டக் கதையைப் பார்த்தார். மூன்று முறை மனு போட்டும் பதில் இல்லை. குடும்பத்தில் எந்தக் கூட்டம் கூடினாலும் மனைவியின் அண்ணன் ஆரம்பித்துவிடுவாராம். "ஓட்டப்பந்தயம்னா நம்ம மாப்பிள்ளையைக் கூப்பிடுங்கப்பா!" அதைக்கூட டிரைவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது வேறு. மனைவி ஒரே ஒரு தடவை, சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டாளாம்: "நிஜமாவே ஆஸ்பத்திரிலதான் இருந்தீங்களா?"

"அப்புறம் அவ கேக்கவே இல்ல. இப்ப படுக்கையில இருக்கா. போறதுக்குள்ள ஒரு காகிதத்தைக் கையில குடுக்கணும் ரைட்டரே, அவ்வளவுதான்."

மூடிப்போன அந்த ஆஸ்பத்திரியின் பதிவேடு எங்கேயோ கிடங்கில் கிடைத்திருப்பதாக அவருக்கு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. நான் மனுவை அடித்துக் கொடுத்து, அவருடன் உள்ளேயும் போனேன். பதிவேடுகளைப் பார்க்கிற எழுத்தர் ஒரு அம்மா. நல்லவர்தான். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எல்லாத் தாளையும் படித்தார்.

"ஒன்பது நாளுக்குப் பதிவு இருக்குங்க ஐயா. முதல் ரெண்டு நாளுக்கு ஒண்ணும் இல்ல. மேல் வரிக்காரர் ஓடினவர். நீங்க அவருக்கு மேற்படி. 'அந்த ரெண்டு நாளும் நான் அவரோட இல்லை'ன்னு நீங்க எழுதிக் குடுத்தீங்கன்னா, உங்க வரியை மட்டும் பிரிச்சுத் திருத்திடலாம்."

"அவன் ஓடலம்மா. செத்துட்டான்."

"அப்ப இது ரெண்டு பேர் கேஸ் ஆயிடும். அவருக்கு ரத்த சொந்தம் யாராவது மனு போடணும். விசாரணைக் குழு உக்காரணும். வருஷக்கணக்காகும்."

"அவனுக்கு யாரும் கிடையாதும்மா. அனாதை இல்லத்துலேர்ந்து வந்தவன்."

அந்த அம்மா பேனாவை மூடி வைத்தார். அவராலும் வேறென்ன செய்ய முடியும்?

வெளியே வந்து மேசையில் உட்கார்ந்தோம். அங்கேதான் நான் வாயைத் திறந்தேன். திறக்காமல் இருந்திருக்கலாம். "செத்தவர் செத்துட்டாரு. அவருக்கு நல்ல பேர் வந்து என்ன, கெட்ட பேர் வந்து என்ன? தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும். வீட்டுல படுத்திருக்கிற அம்மாவை நினைச்சுப் பாருங்க."

அவர் பதிவேட்டு நகலை மடித்துப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தார். பிறகு, "அடிங்க" என்றார். நான் அடித்தேன்: 'மேற்படி நபருடன் அந்நாட்களில் நான் இருக்கவில்லை. மேற்படி நபர் எங்கே சென்றார் என்பது எனக்குத் தெரியாது.' எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. அவர் கையெழுத்துப் போட்டார்.

ஏழு மாதத்தில் உத்தரவு வந்தது. என் அனுபவத்தில் அது மின்னல் வேகம். கடிதத்தை மார்போடு பிடித்துக்கொண்டு என்னிடம் காட்டிவிட்டு ஓடினார். அந்தக் காலோடு நிஜமாகவே ஓடினார். எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் காலையில் கடை திறக்கும் முன்பே வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மச்சான் சத்தமா வாசிச்சான். வாசிச்சதும் வாயை மூடிக்கிட்டான். சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அப்புறம் அவ வாங்கி, கண்ணாடி போட்டு, ஒவ்வொரு எழுத்தாப் படிச்சா. 'உங்களை வெளியே தள்ளிவிட்டவர்தானே இவரு? எங்கே போனார்னு தெரியாதுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்களே. அப்ப என்கிட்ட சொன்ன ஆத்துக் கதை?'ன்னு கேட்டா. 'இதுல எதுங்க நிஜம்?'னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தைச் சொல்ல? ரெண்டுலயும் என் வார்த்தைதானே இருக்கு."

கடிதத்தை வாங்கி இப்போதுதான் முழுதாகப் படித்தேன். நான் அடித்த இரண்டு வாக்கியத்தையும் அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். அவருடைய வரி திருத்தப்பட்டு, மருத்துவமனையில் இருந்தார் என்று சுத்தமாக இருந்தது. மேல் வரியிலும் புதிதாக ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். 'ஓடியவர். சான்று: கீழ்வரி நபரின் வாக்குமூலம்.' இதுவரை நெட்டையனைக் குற்றம் சொன்னது ஒரு சோம்பேறிக் குமாஸ்தா. இப்போது அவன் உயிர் கொடுத்துக் காப்பாற்றின ஆளே சாட்சி. வாக்கியம் என்னுடையது.

உள்ளே போனோம். எழுத்தர் அம்மா எங்களைப் பார்த்துச் சிரித்தார். "வந்திடுச்சா ஐயா? சந்தோஷம்தானே?"

டிரைவர் கடிதத்தை அவர் முன்னால் வைத்தார். "இதை ரத்து பண்ணிடுங்கம்மா."

"ஏன்? உங்க வரி சுத்தமா இருக்கே!"

"அவன் வரியைத் திருத்த எனக்கு உரிமை இல்லைன்னு சொன்னீங்க. சரி. என் வரியாவது என்னோடது. பழையபடி மேற்படின்னே போட்டுடுங்க. அவன் எதுவோ, நானும் அதுவே."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து படிவக் கட்டை ஒவ்வொன்றாகப் புரட்டினார். மெனக்கெட்டுத்தான் தேடினார்.

"திருத்துறதுக்குத்தான் ஐயா படிவம் இருக்கு," என்றார் கடைசியில். "திருத்தினதைத் திரும்ப எடுக்க இல்ல."

டிரைவர் தலையாட்டிவிட்டு நடந்தார். கடிதத்தை எடுத்துக்கொள்ளவில்லை. நான்தான் எடுத்து வந்தேன். அதற்குப் பின் அவர் இந்தப் பக்கம் வரவில்லை. மனைவி போய்ச் சேர்ந்த செய்தி நகல் கடைக்காரர் மூலம் இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. கடிதம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.