நைனா படித்த திரை

நான் நாலாவது படித்த வருஷம், மீன்பிடித் தடைக்காலத்தில், விசைப்படகுக்குப் போகிற நைனாவைவிட அதிகமாக ஓய்வெடுத்தது அக்காவின் லேப்டாப்தான். பொத்தானை அழுத்திவிட்டுத் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அக்கா அப்போது கல்லூரியில் முதல் வருஷம். வகுப்புகளெல்லாம் இணையத்தில். அவள் உள்ளே நுழைவதற்குள் வருகைப்பதிவு முடிந்திருக்கும். இந்த அழகில் திங்கட்கிழமை அதே லேப்டாப்பில் தேர்வும் எழுதியாக வேண்டும்.

மாதவரத்தில் செல்போன் கடை வைத்திருந்த மாமா வந்து பார்த்தார். "இது அவ்ளோதாம்மா, தூக்கிக் கடாசு" என்றார். அக்கா கடாசவில்லை. தோழியிடமிருந்து ஒரு பென் டிரைவ் வாங்கி வந்தாள். அதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் இருந்தது. பழைய இயங்குதளத்தை எடுத்துவிட்டு இதைப் போட்டால் கிழட்டு லேப்டாப்பும் ஓடும், புதிதாகப் பழகுகிறவர்களுக்கும் சுலபம் என்று எங்களிடம் விளக்கினாள்.

நைனா ஒப்புக்கொள்ளவில்லை. "ஏதோ ஓடிக்கினு கீது. அத்த ஏம்மா நோண்டுற? உள்ள கீற போட்டோலாம் பூட்டா இன்னா பண்றது?"

அவர் பயத்தில் நியாயம் இருந்தது. கல்யாண ஆல்பம் மழைவெள்ளத்தில் ஊறிப் போயிருந்தது. மிஞ்சிய படங்கள் அந்த லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தன. அக்கா பேச்சை வளர்க்காமல் படங்களையெல்லாம் இன்னொரு பென் டிரைவில் ஏற்றி அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஞாயிறு காலை வேலை ஆரம்பமானது. எதையும் அழிக்காமல் முதலில் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்தாள். திரை வந்தது, இணையமும் வந்தது. பிறகுதான் நிறுவச் சொல்லி அழுத்தினாள். பேட்டரி செத்துப்போன லேப்டாப் என்பதால் கரண்ட் போனால் எல்லாம் போச்சு. அம்மா மிக்ஸியைத் தொடவில்லை. அன்றைக்குக் குழம்புக்கு அம்மியில் அரைத்தாள். நான் பிளக்குக்குக் காவல் உட்கார்ந்தேன். நைனா வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்து மறுபடி ஆன் ஆகிற நேரத்தில் திரை கறுத்துப்போனது. ஓரத்தில் இங்கிலீஷில் ஒரே ஒரு வரி.

"பூட்ச்சா?" என்றார் நைனா.

அக்கா அந்த வரியை வாய்க்குள் படித்தாள். பென் டிரைவை எடுத்துவிட்டு என்டரைத் தட்டச் சொல்லியிருந்தது. பென் டிரைவைப் பிடுங்கினாள். என்டரைத் தட்டினாள். நாங்கள் மூச்சை விடுவதற்குள் திரை வெளிச்சமாகிவிட்டது. வட்டம் சுற்றிய மாதிரியே தெரியவில்லை. அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து பென் டிரைவைக் கொடுத்தாள். படங்களைத் திறந்தால் மணவறையில் நைனா, மீசை முளைத்தும் முளைக்காமலும்.

மறுநாள் தேர்வில் முதல் ஆளாக உள்ளே போனவள் அக்காதான். "யாருமா அது, அதுக்குள்ள வந்துட்டியா?" என்று பேராசிரியை கேட்டது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. அம்மா பக்கத்து வீடுவரை போய் அதைச் சொல்லிவிட்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் நைனா முதன்முறையாக அந்த லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். அக்கா எல்லாவற்றையும் தமிழில் வைத்திருந்தாள். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட நைனா, திரையில் விரலை வைத்து, எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தார். "கோப்புகள். படங்கள். அமைப்புகள். குப்பை." அங்கே நிறுத்தி, "இதுலயும் குப்பை கீதா?" என்று கேட்டார். அம்மா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. கடைசி வார்த்தைவரை படித்து முடித்தார்.

"அணைச்சிட்டு மறுக்கா போடும்மா" என்றார்.

அக்கா போட்டாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். மறுபடியும் போடச் சொன்னார். லேப்டாப் எவ்வளவு சீக்கிரம் ஆன் ஆகிறது என்று பார்க்கத்தான் கேட்கிறார் என்று அப்போது நான் நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் கைதட்டினேன்.