கேமராவில் விழுந்த பூனை வால்

போன வருடம் ஆடி மாதம். படப்பையில், என் வீட்டுக் காம்பவுண்டுக்குள்ளேயே நடந்தது இது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஒரகடத்தில் கம்பெனிகளுக்குச் சுவர் எழும்பிய காலத்தில் செங்கல் சுமந்தேன். பிறகு ஒரு பழைய வேன், அப்புறம் இன்னொன்று. இன்றைக்கு என் வேன்கள்தான் ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகின்றன. வீட்டை ஒட்டி வரிசையாக ரூம் கட்டி வாடகைக்கும் விட்டிருக்கிறேன். ஒருத்தர் வந்து நின்றால், வாயைத் திறப்பதற்கு முன்பே எப்படிப்பட்ட ஆள் என்று எனக்குத் தெரிந்துவிடும். சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை. குடிவந்தவர்களில் ஒருத்தர்கூட இதுவரை என்னை ஏமாற்றியதில்லை.

கடைசி ரூமில் ஒரு பெண் குடியிருந்தாள். திருநெல்வேலிப் பக்கம். செல்போன் கம்பெனியில் வேலை என்று சொல்லித்தான் வந்தாள். கொஞ்ச நாளில் கம்பெனி பஸ் ஏறுவதை நிறுத்திவிட்டாள். கேட்டால், "ரூம்லயே கம்ப்யூட்டர்ல வேலை பாக்கேன் ஐயா, படம் வரையுதேன்" என்றாள். பகலெல்லாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு அப்படி என்ன படம்?

என் மனைவி கருவாட்டுத் தலை போட்டு வளர்க்கிற பூனை ஒன்று உண்டு. மண் நிறத்தில் வரி வரியாக இருக்கும். இந்தப் பெண் செல்போனைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னாலேயே அலைந்தாள். பூனை வேனுக்கு அடியில் போனால் இவளும் தரையோடு தரையாகப் படுத்து எட்டிப் பார்ப்பாள். அந்தச் சமயம்தான் பக்கத்துத் தெருவில் ஒரு பைக் திருடு போயிருந்தது. வேனுக்கு அடியில் படுத்து ஒருத்தி படம் எடுத்தால் நான் என்னவென்று நினைப்பது? டீசல் மேல் கண்ணா, பேட்டரி மேல் கண்ணா என்றுதான் நினைத்தேன்.

ஒரு நாள் மத்தியானம் அவள் ரூம் கதவில் காதை வைத்துக் கேட்டேன். போனில் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தாள். "நாளைக்குள்ள எப்படியும் குடுத்துருதேன் சார், இந்த ஒரு தடவ மட்டும் பாருங்க." யாருக்கு, எதைக் கொடுக்கப் போகிறாள்? நல்லதாகத் தோன்றவில்லை எனக்கு.

அன்றைக்குச் சாயங்காலம் அவளே வந்து வாசலில் நின்றாள்.

"ஐயா, ஒங்க கேமராவுல நம்ம பூனை நடக்கது வருமா? ஒங்க போனக் குடுத்தா கொஞ்சம் பாத்துட்டு தந்துருதேன்."

எனக்குச் சுருக்கென்றது. காம்பவுண்டில் கேமரா வைத்ததே இந்த மாதிரி ஆட்களுக்காகத்தான். அதில் எந்த மூலை தெரியும், எந்த மூலை தெரியாது என்று பார்த்து வைத்துக்கொள்ள வருகிறாளா?

"பூனையப் பாத்து இன்னா பண்ணப் போற?" என்றேன்.

"வால் வரையணும் ஐயா."

செல்போனில் விளையாடுகிற ஏதோ கேமுக்காக, பூனைக் காதும் வாலும் வைத்த ஒரு பெண் பொம்மையை வரைகிறாளாம். மற்றதெல்லாம் பிடித்துப்போய், வாலை மட்டும் திருப்பித் திருப்பி அனுப்புகிறார்களாம். "ரப்பர் டியூப ஒட்டவச்ச மாதிரி இருக்குன்னு சொல்லுதாங்க. நான் போனைத் தூக்குனாலே பூனை உஷாராயிருது, வால இறக்கிருது. நாளைக்குத்தான் கடைசி. இது போச்சுன்னா வேலையும் போயிரும், நான் ஊருக்குத்தான் போணும்."

வால் வரைய ஒரு வேலையா? "இந்தக் கதையெல்லாம் வேற யாராண்டனா போய் சொல்லு. ஞாயித்துக்கிழம ரூம காலி பண்ணிடு" என்றேன். அவள் திரும்பிப் போனாள்.

உள்ளேயிருந்து என் மனைவி வந்தாள். "அந்தப் பொண்ணு வாலைத்தான்யா கேட்டுச்சி. உன் சொத்தையா எழுதிக் கேட்டுச்சி?"

"உனக்கு இன்னா தெரியும்? வேன் கீழ படுத்துகினு கீறா."

"பூனைய தேடிகினு நானும்தான் படுத்துப் பாக்கறேன். என்னையும் காலி பண்ணச் சொல்லு."

அவளுக்கு நிரூபித்துக் காட்ட வேண்டும் என்றே செல்போனில் கேமராப் பதிவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தப் பெண் தண்ணீர் கேன் தூக்குகிறாள், துணி காயப்போடுகிறாள், பூனை பின்னால் அலைகிறாள். வேறொன்றும் இல்லை. பூனையும் வந்தது. ஆனால் வால் சக்கரத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும், இல்லாவிட்டால் மூலையில் மங்கலாக இருக்கும்.

அப்புறம் அன்றைய மத்தியானப் பதிவு வந்தது. நல்ல வெயில். கேட்டிலிருந்து நான் வருகிறேன். முதுகை வளைத்து, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சுவரை ஒட்டி ஒட்டி நடக்கிறேன். என் பின்னாலேயே பூனை. வாலை நேராக நிமிர்த்தி, நுனியை மட்டும் கொக்கி போல வளைத்துக்கொண்டு, எனக்குத் துணை வருவது போல வருகிறது. நான் கடைசி ரூம் கதவில் காதை வைக்கிறேன். பூனை என்னை அண்ணாந்து பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்கிறது. வாலைத் தன் காலைச் சுற்றி வளைத்து வைத்துக்கொள்கிறது. நுனி மட்டும் லேசாக ஆடுகிறது. நான் நகரவே இல்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றிருக்கிறேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

திருடனைப் பார்க்கத்தான் உட்கார்ந்தேன். அந்தக் காம்பவுண்டில் திருடன் மாதிரி நடந்தது நான் ஒருவன்தான்.

மனைவி என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

வேறு இடத்தில் வால் நன்றாக விழுந்திருக்கிறதா என்று மறுபடியும் தேடினேன். இல்லை. நிமிர்ந்த வாலும் சுருட்டின வாலும் அந்த ஒரு பதிவில்தான் தெளிவாக இருந்தன. அதிலிருந்து என்னை மட்டும் வெட்டி எடுக்க எனக்குத் தெரியாது. பேசாமல் இருந்துவிட்டால் அவள் ஊருக்குப் போய்விடுவாள், விஷயம் அதோடு முடிந்தது என்றும் தோன்றியது. செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு டீயை எடுத்தேன். டீ இறங்கவில்லை. எழுந்து போய் அவள் கதவைத் தட்டினேன். அந்தக் கதவை நான் தட்டியது அதுதான் முதல் தடவை.

"இந்தா, பாரு" என்று கொடுத்துவிட்டு, வேன் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் பார்த்தாள். நிறுத்தினாள். திரும்பவும் ஓடவிட்டாள். சிலேட்டு மாதிரி ஒரு கருவியை மடியில் வைத்து, கழுத்திலிருந்து வால் நுனிவரை ஒரே கோடாக இழுத்தாள்.

"பாருங்க ஐயா, முதுகுதான் வாலா நீளுது. நான் முதுகு முடிஞ்சப்பறம் வால தனியா ஒட்டவச்சிருந்தேன். சுருட்டும்போதும் அடியில மெதுவாத்தான் வளையுது, நுனிக்குப் போகப் போகத்தான் சுருளுது. நான் எல்லா எடத்துலயும் ஒண்ணுபோல சுத்தியிருந்தேன், ஜிலேபி கணக்கா."

எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. இப்போது கேட்பாள், இப்போது கேட்பாள் என்று நின்றேன். கேஸ் வாசனை அடித்தது, அதனால்தான் கதவருகே வந்தேன் என்று ஒரு பொய்யும் தயாராக வைத்திருந்தேன்.

வரைந்து முடித்துவிட்டு, செல்போனை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள்.

"ரொம்ப நன்றி ஐயா. நான் வால மட்டுந்தான் பாத்தேன்."

அந்தப் பொய்க்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. "ஞாயித்துக்கிழம காலி பண்ண வேணாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் வால் பிடித்துவிட்டது என்று சொல்லிவிட்டார்களாம். அந்தப் பெண் என் மனைவி கையில் அல்வாப் பொட்டலத்தைத் திணித்துவிட்டுப் போனாள். இன்னமும் அதே ரூமில்தான் இருக்கிறாள். நான் கேமராவைக் கழற்றவில்லை. புதிதாக வருகிறவர்களை இன்றைக்கும் ஏற இறங்கப் பார்த்துத்தான் சாவி கொடுக்கிறேன், அந்தக் குணம் போகாது. ஆனால் யார் கதவானாலும் தட்டிவிட்டுத்தான் பேசுகிறேன். வேன், வீடு, ஊரில் இருக்கிற பெயர் எல்லாம் நானே உழைத்துச் சம்பாதித்தது. இந்தக் காம்பவுண்டுக்குள் நான் தலைநிமிர்ந்து நடப்பது மட்டும், என்னை முழுசாகப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் இருந்த ஒரு பெண் கொடுத்தது.