சூசையண்ணையின் காலும் வெள்ளித்துணியும்

கிட்ட வந்து இருங்கோ, தூர இருந்தால் கேளாது. ஆசுப்பத்திரி என்றால் மற்ற ஆக்களுக்கு ஊசியும் மருந்தும். வார்டு கூட்டித் துடைச்ச எங்களுக்கு அது தண்ணியும் துணியும்தான். உங்களிலும் ஆராவது அந்த வாளியைத் தூக்கியிருந்தால் முதுகு சொல்லும்.

பழகிப்போன பூஞ்சணம்

சண்டையாலை பாதை பூட்டிக் கிடந்த காலம். ஊர்காவற்றுறையிலை கடற்றொழில் செய்யிற சூசையண்ணை, திருக்கை முள்ளு ஏறின காலோடை எங்கடை தீவு ஆசுப்பத்திரி வார்டுக்கு வந்தவர். சீனி வருத்தமும் இருந்தது. காயம் ஆற முந்தி அதிலை பூஞ்சணம் பத்திப் போட்டுது. ஈரச் சுவர், பழைய மெத்தை என்று ஆசுப்பத்திரியிலை அது இல்லாத இடமில்லை. நான் உரஞ்ச உரஞ்சத் திரும்பி வரும். பூசின மருந்துக்கும் அடங்கேல்லை, குளிசைக்கும் அடங்கேல்லை. யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிச் சோதிச்சுப் போட்டு டொக்டர் வந்து சொன்னார்: "இது மருந்துக்குப் பழகிப்போன பூஞ்சணம். எலும்புக்கு இறங்கினால் காலை எடுக்கவேண்டி வரும்."

கால் போனால் வள்ளம் போச்சு, வள்ளம் போனால் உலை கொதியாது. அவரின்ரை மனுசி பிலோமினா கட்டில் சட்டத்தைப் பிடிச்சுக்கொண்டு நின்றா. சூசையண்ணை மட்டும் சிரிச்சார்: "நாங்கள் எத்தினைக்குப் பழகிப்போனம் டொக்டர், அதுவும் எங்கடை தீவுப் பூஞ்சணம்தானே!"

வெள்ளி கட்டின கால்

டொக்டரோடை படிச்ச ஒருத்தர் வெளிநாட்டிலை இருந்து ஆள் வசம் ஒரு பொதி குடுத்துவிட்டார். உள்ளுக்குச் சாம்பல் நிறத்திலை துணி. வெள்ளியைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுணுக்கி அதிலை ஏத்தியிருக்காம். 'நானோ' என்று ஒரு பேரும் சொன்னார். ஈரம் பட்டால் வெள்ளி கொஞ்சம் கொஞ்சமாய் இறங்கிப் பூஞ்சணத்தைக் கொல்லுமாம். கட்டாயம் ஆறும் என்று அவர் சொல்லேல்லை, "பாப்பம்" என்றுதான் சொன்னவர்.

பிலோமினா துணியைத் தடவிப் பாத்தா. "வெள்ளி எண்டியள், அடுப்படித் துணி மாதிரிக் கிடக்கு!" பக்கத்துக் கட்டிலிலை முதுகுப் புண்ணோடை கிடந்த நயினாதீவுக் கந்தையா அப்பு தலையை நிமித்தினார்: "நாங்கள் கோயிலிலை அம்மாளுக்கு வெள்ளியிலை கால் செய்து குடுப்பம் பிள்ளை, இஞ்சை காலுக்கு வெள்ளியைக் குடுக்கினம்!"

உப்புப் பூத்த கட்டு

நாள் போச்சு, கால் அப்படியே கிடந்தது. இனி யாழ்ப்பாணம்தான், கத்திதான் என்று டொக்டர் முகம் சொல்லிப்போட்டுது. ஒரு காலமை கட்டை அவிழ்க்கேக்கை பாக்கிறன், மேல்துணி காயப்போட்ட வலை மாதிரி வெள்ளையாய் உப்புப் பூத்துக் கிடக்கு. எங்கடை மிஸியிட்டை, அதுதான் தாதியிட்டை, காட்டினன். "சூசையண்ணை, கட்டுக்கு மேலை என்ன ஊத்துறியள்?" என்றா அவ.

மனுசன் ஒளிக்கேல்லை, தலையணைக்குக் கீழையிருந்து போத்தலை எடுத்தார். வள்ளத்திலை கூடப் போற பெடியள் பாக்க வரேக்கை கொண்டந்து குடுக்கிற கடல்தண்ணி! கடற்கரைச் சனத்துக்கு எந்தக் காயத்துக்கும் முதல் மருந்து அதுதானே. மிஸி தலையிலை கைவைச்சா: "உப்பு வெள்ளியைப் பிடிச்சு வைச்சிடும், பூஞ்சணத்திட்டைப் போகவிடாது. எங்கடை கிணத்துத் தண்ணியே உவர் எண்டு நான் ஊசி மருந்து கரைக்கிற தண்ணியாலை நனைக்கிறன், நீங்கள் கடலையே ஊத்துறியள்!"

அவர் அசையேல்லை: "நீர் பள்ளிக்கூடத்திலை படிச்சனீர் மிஸி, நான் கடலிலை படிச்சனான். ஊத்தாமல் விட ஏலாது."

வாசலிலை மாறின போத்தல்

பிலோமினா சண்டை பிடிக்கேல்லை. அடுத்த நாள் தொடக்கம் வாசலிலையே பெடியளிட்டைப் போத்தலை வாங்கிக் கழிவுத் தண்ணி ஓடுற கானுக்குள்ளை கவிட்டா. நான் அவிச்சு எடுத்த போத்தலிலை மிஸி தன்ரை தண்ணியை விட்டுக் குடுத்தா. சூசையண்ணை காலமையிலை சிலுவை போட்டு அதைப் பக்குவமாய் ஊத்துவார். நாங்கள் மூண்டு பேரும் வேறை பக்கம் பாப்பம்.

புது வெள்ளித்துணியும் மாறிமாறிக் கட்டினது. மெல்ல மெல்லப் புண் சிவந்து தசை வைச்சுது. திரும்பச் சோதிச்சதிலை பூஞ்சணம் இல்லை. "கால் தப்பிச்சுது" என்றார் டொக்டர்.

அதோடை விட்டிருந்தால் பறவாயில்லை. "பாத்தியளே கடல்தண்ணியின்ரை குணத்தை!" என்று சூசையண்ணை கட்டில் கட்டிலாய்ப் போய்ப் பறைய வெளிக்கிட்டார். கந்தையா அப்புவும் தன்ரை புண்ணுக்கு ஊத்த மகனைக் கொண்டு ஒரு போத்தல் கடல்தண்ணி எடுப்பிச்சுப் போட்டார்.

வீட்டை போற நாள், முழு வார்டும் பாத்திருக்க, பிலோமினா மனுசன்ரை போத்தலை நீட்டினா. "வெளிக்கிட முந்தி ஒரு மிடறு குடியுங்கோ."

குடிச்சார். போத்தலைப் பாத்தார், மனுசியைப் பாத்தார். "இதிலை உப்பில்லையேடி!"

"ஓமப்பா. கால் ஆறுமட்டும் நீங்கள் ஊத்தினது மிஸியின்ரை தண்ணி."

கந்தையா அப்பு தன்ரை போத்தலை மெல்லக் கட்டிலுக்குக் கீழை தள்ளிவிட்டார். சூசையண்ணை போத்தலை மூடி மனுசியிட்டைக் குடுத்தார்: "அப்ப நான் இவ்வளவு நாளும் சிலுவை போட்டது ஊசித் தண்ணிக்கோ!"

மருந்துக்கு அடங்காத பூஞ்சணத்துக்கு வெள்ளித்துணி கண்டுபிடிச்ச ஆக்களுக்கு, சொல்லுக்கு அடங்காத மனுசருக்கு என்ன கட்டுறது என்று தெரியாட்டில், அவையள் பிலோமினாவைத்தான் வந்து கேக்கவேணும்.