நீலமாக மாறிய ‘வரேன்’

நான் பத்திரிகையில் துணையாசிரியர். பழைய வீட்டில் நடமாட்டம், மரத்தடியில் உருவம் என்று வாசகர்கள் அனுப்பும் செய்திகளை ஏழு வருடமாக ஒதுக்கித் தள்ளியிருக்கிறேன். யார் பார்த்தது, எத்தனை மணிக்கு என்று கேட்டாலே பாதிப் பேர் போனை வைத்துவிடுவார்கள். அதனால் என்னுடையதை மணி சொல்லியே சொல்கிறேன். அப்போதும் நீங்கள் நம்பாவிட்டால் வருத்தமில்லை, நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

ஜெசிந்தா என் கல்லூரித் தோழி. கிள்ளானில் பெற்றோரோடு இருக்கிறாள், நான் அங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். சந்திப்பது மாதம் ஒருமுறை, மெசேஜ் நாள் முழுக்க. அந்தச் செவ்வாய்க்கிழமை அவளுக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணம் நின்றுபோனது. அதை நான்கு பத்தியில் எனக்கு எழுதினாள். பக்கம் அச்சுக்குப் போகிற நேரம், நிதானமாகப் பதில் எழுதலாம் என்று நினைத்து, பார்த்துவிட்டதற்கு அடையாளமாக ஒரு கட்டைவிரலைத் தட்டிவிட்டேன்.

“என் வாழ்க்கைக்கு ஒரு தம்ஸ்-அப் போதும்ல? ஓகே லா” என்று வந்தது.

நான் விளக்கம் எழுத எழுத, அவள் படித்துவிட்டுச் சும்மா இருந்தாள். அந்த நீல டிக்குகளைப் பார்த்துப் பார்த்து எனக்கும் கோபம் ஏறியது. புதன்கிழமை நீல டிக் காட்டும் வசதியையே அணைத்துவிட்டேன். அணைத்தால் நான் படிப்பது அவளுக்குத் தெரியாது, அவள் படிப்பதும் எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை அவளிடமிருந்து ஒரு வரி வந்தது. “அம்மா அப்பா புக்கிட் மெர்தாஜாம் கோயிலுக்குப் போயிட்டாங்க, திங்கள்தான் வருவாங்க. நாளைக்கு வர்றியாடி?” திறக்காமல், திரையின் மேலே தெரிந்ததை மட்டும் படித்தேன். பதில் போடவில்லை. ஒரு நாள் தவிக்கட்டும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை பகல் 1.40. வாழையிலைக் கடையில் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் பெயருக்குக் கீழே ‘டைப்பிங்’ என்று வந்தது. யாராக இருந்தாலும் எழுதுவார்கள், நிறுத்துவார்கள், மறுபடி எழுதுவார்கள். இது இருபது நிமிடம் ஒருமுறைகூட நிற்கவில்லை. “என்னடி, நாவலா எழுதுறே?” என்று அனுப்பினேன். ஒற்றை டிக்தான் விழுந்தது, அதாவது அவள் போனுக்கே போய்ச் சேரவில்லை. அழைத்தேன். போன் அணைந்திருப்பதாகப் பதிவுக் குரல் சொன்னது. மேலே ‘டைப்பிங்’ அப்படியே இருந்தது.

பரிமாற வந்தவரிடம் திரையைக் காட்டினேன். “அண்ணே, இது உங்களுக்கும் தெரியுதா?”

“தெரியுது லா. டைப் பண்றாங்க. கோவமா இருந்தா அப்படித்தான், என் வீட்ல முழு ராமாயணமே வரும்” என்று சிரித்துவிட்டு ரசம் ஊற்றினார்.

கல்யாணம் நின்றுபோன பெண், வீட்டில் தனியாக. இலையை மூடிவிட்டு எழுந்தேன். கே.எல். சென்ட்ரலுக்கு நடந்தேன், கிள்ளான் ரயிலில் ஏறியதும் ‘வரேன்’ என்று மட்டும் அனுப்பினேன். மணி 2.31. ஒற்றை டிக் இரண்டானது, இரண்டும் நீலமாயின. அந்த நொடியில் டைப்பிங் நின்றது. நீலம் காட்டும் வசதியை நான்தான் அணைத்து வைத்திருந்தேனே என்பது இரண்டு நிலையம் தாண்டிய பிறகுதான் உறைத்தது.

பக்கத்து வீட்டு ஆன்டியிடம் மாற்றுச் சாவி இருந்தது. “காலையில துணி காயப் போட்டா, அதுக்கப்புறம் சத்தமே இல்ல. ரெண்டு பேருக்கும் சண்டையா?” என்று கேட்டுக்கொண்டே கதவைத் திறந்தார். ஜெசிந்தா குளியலறைத் தரையில் கிடந்தாள். வழுக்கி விழுந்ததில் கால் ஒரு பக்கமாக மடங்கியிருந்தது, பின்தலையில் ரத்தம். அவள் போன் பக்கத்திலிருந்த தண்ணீர் வாளிக்குள் அடியில் கிடந்தது.

குனிந்ததும் கண்ணைத் திறந்தாள். “வரேன்னு சொல்லி எவ்ளோ நேரம். எங்கடி போனே?”

தலைக்குள் ரத்தம் கசிந்திருந்தது, திங்கள்வரை விட்டிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றார் மருத்துவர். என்னிடம் அப்படிக் கேட்டது அவளுக்கு நினைவில்லை. விழுந்தது காலை எட்டு மணிவாக்கில், போனும் அப்போதே தண்ணீரில் விழுந்தது, அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அதே எண்ணோடு புதுப் போன் வாங்கியபோது ‘நாவலா எழுதுறே’ அவளுக்கு வந்து சேர்ந்தது. ‘வரேன்’ இன்றுவரை வரவில்லை.

அந்த வசதியை நான் திரும்பப் போடவில்லை. அதன் பிறகு யாருக்கு எதை அனுப்பினாலும் அதில் நீலம் இல்லை, அந்த ஒரு வார்த்தையில் மட்டும் இருக்கிறது. “அழிச்சிடுடி, பார்க்கவே ஒரு மாதிரி இருக்கு” என்றாள் ஜெசிந்தா, போன மாதம், அவள் வீட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தபோது. சரி என்று அதன் மேல் விரலை வைத்தேன். அவள் இரண்டு கையாலும் தேநீர்க் கோப்பையைப் பிடித்திருந்தாள், அவள் போன் மேசையில் கவிழ்ந்து கிடந்தது. என் திரையில், அவள் பெயருக்குக் கீழே, ‘டைப்பிங்’ என்று வந்தது.

விரலை எடுத்தேன். நின்றது.