குரங்குச் சட்டித் தண்ணீர்

என் மாமாவுக்கு எல்லா நோய்க்கும் கைவைத்தியம் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி மட்டும் தெரியாது.

அப்பா கல்குவாரியில் கல் உடைத்தவர். அம்மாவின் அண்ணனான மாமாதான் அங்கே ஆட்களை மேய்க்கும் மண்டோர். ஒருநாள் வெடி வைத்தபோது கல்சில்லு தெறித்து அப்பாவின் வலது கண் போனது. அடுத்த மழையில் குழிக்குள் ஊற்று திறந்து தண்ணீர் நிரம்பிவிட, முதலாளி துரை அந்தக் குவாரியைக் கைவிட்டு வேறு மலைக்குப் போனார். அதற்குள் அப்பாவின் இடது கண்ணும் மங்கத் தொடங்கியிருந்தது.

"நஷ்டஈடு கேட்டு துரைகிட்ட பேசிக்கிட்டுதான் இருக்கேன் மாப்பிள்ளை. நீங்க பாட்டுக்கு கேஸு கீஸுன்னு போயிறாதீங்க" என்றார் மாமா. அதுவரைக்கும் ஒரு மருந்து சொன்னார். குவாரிப் பாறையில் குரங்குச் சட்டிச் செடி தொங்குகிறது; மூடிபோட்ட குடுவைபோல் சட்டி சட்டியாய்க் காய்க்கும் கொடி. மூடி திறக்காத சட்டியின் தண்ணீரைக் கண்ணில் விட்டால் பார்வை தெளியுமாம். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வித்தை அவருக்குக் கைவந்தது. அந்த மனிதரை நான் இன்றும் மன்னிக்கவில்லை.

ஞாயிறுதோறும் நாங்கள் குடியிருந்த காஜா பேராங்கிலிருந்து மாமா என்னைச் சைக்கிளில் ஏற்றிப் போவார். அவர் கரையில் உட்கார்ந்து சுருட்டுப் பிடிப்பார். பாறையில் ஏறுவது நான். கீழே பச்சைத் தண்ணீரில் நீர்நாய்கள் குட்டிகளோடு மீன் பிடிக்கும். உடும்பு ஒன்று என்னை முறைத்துக்கொண்டே வெயில் காயும். மனிதர்கள் போன பிறகு அந்த இடம் நன்றாகத்தான் இருந்தது. அந்தச் செடி சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் இல்லை என்று வெகுகாலம் கழித்துத்தான் அறிந்தேன். அன்று எனக்கு அப்பாவின் கண்தான் பெரிது.

சொட்டு விட்டதும் அப்பா சொல்வார்: "இன்னிக்குக் கொஞ்சம் தெளிவா தெரியுதும்மா." அம்மா உடனே அடுப்படிக்குப் போய்விடுவாள்.

மெர்டேக்கா சுதந்திர நாளுக்கு முந்தின ஞாயிறு, பாறையில் ஒரு சட்டிகூட மிச்சமில்லை. பறித்துப் பறித்துக் கொடியே பட்டுப்போயிருந்தது. வெறுங்கையோடு வந்து அழுதேன்.

"எதுக்கும்மா அழற? அதான் நல்லா தெரியுதே" என்றார் அப்பா.

"அப்போ என் ரிப்பன் என்ன கலரு?"

"செவப்பு."

பள்ளிக்கு நான் தினமும் கட்டிப்போவது சிவப்புதான். மாமா தொடையைத் தட்டினார். "பார்வைதான் வந்திருச்சே! இனி துரைகிட்ட என்னத்தப் போயி கேக்குறது?"

அன்று மெர்டேக்காவுக்கென்று அம்மா என் தலையில் புது மஞ்சள் ரிப்பன் கட்டியிருந்தாள். அப்பா என்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தேன்.